நெவில் பாஸ்கோவின் கரையான் கார்

முப்பத்தோரு வருடம் மேரிபரோ ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர் நெவில் பாஸ்கோ. ஆனாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. நாய்களுக்குத்தான் தெரியும். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எது பிஸ்கட்டுக்கு மயங்கும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனிதர்களைப் பார்த்தால் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோரமாக நழுவிவிடுவார். எனக்கு இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் பொறுமை போய்விடும். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடப் போகிறது? நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். என் வேலையில் கத்தாவிட்டால் பிழைக்க முடியாது.

அவர் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே. அதற்கு அடுத்த வீடு நோலீன் டக்கெட்டுடையது. பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வாயில் பஞ்சு அடைத்திருப்பவர்களிடமே நாற்பது வருடம் பேசிப் பழகிவிட்டதால், பதிலை எதிர்பார்க்காமல் பேசிக்கொண்டே போவாள். பேசாத நெவுக்கு (ஊரில் நெவிலை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவள் அண்டை வீட்டுக்காரியாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக இருவருக்கும் சேர்த்து ஒரே செய்தித்தாள். காலையில் நெவ் படித்துவிட்டு, குறுக்கெழுத்தில் தனக்குத் தெரிந்த பாதியைப் போட்டு, வேலிமேல் வைத்துவிடுவார். மீதிப் பாதியை அவள் போடுவாள். அவர் தப்பாகப் போட்டதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் ‘கழுதை’ என்று எழுதி மறுபடி வேலியில் வைப்பாள். அதையும் அவர் எடுத்துப் பத்திரமாக உள்ளே கொண்டுபோவார்.

போன வருடம் பென்ஷன் பற்றாக்குறையில் காரின் வருடாந்தர ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் கட்டுகிற மாதம் வந்தபோது, நெவ் தன் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். உங்கள் காரின் மேல் எங்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளுங்கள், வழக்கம்போல் ஓட்டுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம் என்று இருந்தது. அவருடையது பதினாலு வருடப் பழைய வெள்ளைக் கொரோல்லா. அதைவிட யார் கண்ணிலும் படாத கார் உலகத்திலேயே கிடையாது. ஏதோ சூப்பர் மார்க்கெட் விளம்பரமாக இருக்கும், கதவில் ஒரு வாழைப்பழம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வந்தது கில்பின் பூச்சி ஒழிப்பு நிறுவனம்.

அன்று மாலை கார் தெருவுக்குள் நுழைந்தபோது நான் கையிலிருந்த டீயைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டேன். பானெட் முழுக்க ஒரு கரையான். கன்றுக்குட்டி அளவு. கொடுக்கு போன்ற தாடை இரண்டு முன்விளக்குகளையும் கவ்விக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் கதவுகளில் அதன் குடும்பம். பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம்:

‘அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.’

“ஏன்யா நெவ், என்னய்யா இது?” என்று கேட்டேன்.

“கரையான்” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்விட்டார்.

இந்த ஊரில் வீடுகளெல்லாம் மரம். மரக்கால்கள்மேல் தூக்கி நிறுத்திய மர வீடுகள். கரையான் என்ற சொல்லைக் கேட்டாலே பெரிய ஆம்பளைகளும் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நெவின் கார் எங்கே நின்றாலும் அந்த வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். “என் வீட்டு முன்னாடி நிறுத்தாதய்யா, பாக்கறவன் என்ன நெனைப்பான்?” என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அவருடைய பழைய மேலதிகாரியின் சவ ஊர்வலத்தில் நெவின் கார் சவ வண்டிக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த அத்தனை பேரும் சிவப்பு எழுத்தைப் படித்துக்கொண்டே கல்லறை வரை போனார்கள். பாதிரியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதோடு, ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் இருந்தன. மாதம் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதுவும் ஊர் எல்லைக்குள். எல்லையைத் தாண்டினால் போனில் இருக்கும் ஆப் கூவும், அந்த ஓட்டம் கணக்கில் வராது. காரைக் கராஜில் பூட்டி வைக்கக் கூடாது, தெருவில் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். சனிக்கிழமை தோறும் பகல் பதினோரு மணிக்கு, தெருவில் நிற்கும் காரை நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

இந்தச் சின்ன ஊருக்குள் எண்ணூறு கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது? நெவ் சுற்றினார். ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பினார். ஒரு பாக்கெட் பாலுக்கு ஊரின் மறுகோடிக்குப் போனார். எங்கள் ஊர்ப் பக்கம் எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கில் இருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம். முன்பு நெவுக்கு ஒரு நாளைக்கு மூன்று விரல் கிடைத்தால் பெரிது. இப்போது ஊரே தூக்கியது, சின்னப் பிள்ளைகள் கையால் தாடை மாதிரி செய்து காட்டின. பதிலுக்குத் தூக்கித் தூக்கி அவருக்கு விரல் மூட்டில் வீக்கம் வந்து, டாக்டரிடம் போனார். கிலோமீட்டர் சேர வேண்டுமே என்று பஸ் தவறவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தார். ஏறியவர்கள் பேசினார்கள். கார் ஓட்டுகிறவர் எங்கே நழுவிப் போவது? வேறு வழியில்லாமல் பதில் சொல்லப் பழகினார்.

கிளினிக்கில் இருந்து ஓய்வு பெற்றும் நோலீன் வாரம் இரண்டு முறை டவுனுக்குப் போவாள். அந்தக் காரில் அவளும் ஏறினாள், முன்சீட்டில். “இந்தப் பூச்சிக்கு ஒரு பேரு வைக்கணும்யா” என்றாளாம். ‘பெரில்’ என்று பெயர் வைத்தாள். அது அவளுடைய செத்துப்போன மாமியாரின் பெயர்.

படம் எடுக்கிற விஷயம்தான் வினையாகிப் போனது. நெவின் வீட்டு முன்னால் பெரிய ஜக்கரண்டா மரம். பதினோரு மணிக்கு நல்ல நிழல். ஆகவே சனிக்கிழமைகளில் காரை நோலீன் வீட்டு வாசலுக்கு நேராக நகர்த்தி, வெயிலில் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவார். ஏழெட்டு மாதம் இப்படித்தான். எங்கள் தெருவுக்குப் பெரில் பழகிப்போய்விட்டாள். எங்கள் கண்ணுக்கு அது ஒரு கார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் நோலீனின் வீட்டு வேலியில் ‘ஏலத்திற்கு’ என்று போர்டு வந்தது. அவள் மகள் ரெனே டப்போவில் இருக்கிறாள், இங்கிருந்து முழுதாக ஒரு நாள் கார் ஓட்டம். தன் வீட்டுப் பின்பக்கம் அம்மாவுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிவிட்டாள். போனில் தினமும், “அங்க தனியா உனக்கு யாரும்மா இருக்கா?” என்று கேட்பாளாம். நோலீனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். இதற்கு மட்டும் இல்லை. அதனால் வீட்டை விற்கச் சம்மதித்துவிட்டாள்.

நெவ் வந்து அந்தப் போர்டைப் பார்த்தார். போர்டு காற்றில் ஆடுகிறது என்று அதற்கு ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார்.

“போகாதன்னு சொல்லேன்யா” என்றேன் நான்.

“அவ மக கூப்பிடுறா. நான் யாரு சொல்ல?”

“பதினோரு வருஷமா ஒரே பேப்பர் படிக்கிறீங்க!”

“பேப்பர்தானே” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை வேலிக்கு மேலேயே தூக்கி உலுக்கியிருப்பேன். முதுகு வலி இருந்ததால் விட்டேன்.

இங்கே ஏலம் வீட்டு முன்புல்வெளியில்தான் நடக்கும். வாங்குகிறவர்கள் ஐந்து பேர் என்றால் வேடிக்கை பார்க்கும் அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பகல் பத்தரை மணி. பிராடி என்ற இளைஞன், பளபளக்கும் ஷூவோடு, வராண்டா படியில் நின்று ஏலம் கூவினான். கூட்டம் அவனைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. பிரிஸ்பேனில் இருந்து வந்த ஒரு ஜோடியும், பண்ணை விற்றுவிட்டு வந்த ஒரு தாத்தாவும் விலையை மாறி மாறி ஏற்றிக்கொண்டு போனார்கள். நோலீன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பெரில் மெதுவாக வந்து வாசலில் நின்றாள்.

நோலீனின் ஏலம், தெரு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் நெவ் காரைக் கழுவி மெழுகு பூசியிருந்தார். இறங்கினார், படம் எடுத்தார், காரைப் பூட்டினார். கார் ‘பீப்’ என்றது. பிரிஸ்பேன்காரி திரும்பிப் பார்த்தாள். கரையானைப் பார்த்தாள். புருஷனின் விலாவில் முழங்கையால் இடித்தாள். அவனும் பார்த்தான். அப்புறம் பண்ணைத் தாத்தா பார்த்தார். வெயிலில் மின்னிய அந்தத் தாடையைக் கூட்டம் மொத்தமும் பார்த்தது. பிராடி மட்டும் விஷயம் புரியாமல், “யாராச்சும் இன்னும் கொஞ்சம்? கொஞ்சமே கொஞ்சம்?” என்று கூவிக்கொண்டிருந்தான். ஒரு கையும் உயரவில்லை. பத்து நிமிடத்தில் புல்வெளி காலியானது.

நோலீன் வராண்டாவுக்கு வந்தாள். அவள் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

“வேணும்னே பண்ணியா நெவ்?”

“வெயிலு...” என்றார் அவர். “இங்கதான் வெயிலு நல்லா விழுது.”

அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

தெருவில் ஒருவரும் வெயிலை நம்பவில்லை. போகவிடாமல் தடுக்கத் திட்டம் போட்டுச் செய்துவிட்டார் என்றார்கள், சிலர் மெச்சிக்கொள்ளவும் செய்தார்கள். எனக்கு அவரைத் தெரியும். திட்டம் போடத் தெரிந்த ஆளாக இருந்தால் அவர் பதினோரு வருடத்துக்கு முன்பே போட்டிருப்பார். அது வெயில்தான். ஆனால் அதைக் கேட்டு அவள் கோபம் அடங்குமா? மறுநாள் நெவ் வைத்த செய்தித்தாள் வேலியிலேயே கிடந்தது. அதற்கடுத்த நாளும். மழையில் ஊறிய தாள்களின்மேல் அவர் புதிது புதிதாக வைத்துக்கொண்டே இருந்தார். பாதிக் குறுக்கெழுத்து, பாதி வெற்றுக் கட்டம். பார்க்கவே சகிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஏலம். இந்த முறை பிராடி பூச்சிப் பரிசோதனை அறிக்கையை அச்சடித்து வந்திருந்தான். நெவ் காரை ரயில் நிலையத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துவிட்டு நடந்து வந்தார். அந்தச் சனிக்கிழமை படம் போகாது, அந்த மாதப் பணம் வராது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. தெருக்காரர்கள் ஓரமாக அடுப்பு வைத்து வந்தவர்களுக்கு சாசேஜ் சுட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். சுடுகிற வேலையை நெவ் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கலாமே.

பிரிஸ்பேன் ஜோடி மறுபடி வந்திருந்தது. வீடு அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது. பண்ணைத் தாத்தாவும் வந்திருந்தார். பிராடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“ஒரு நிமிஷம்” என்றாள் பிரிஸ்பேன்காரி. “போன தடவ இங்க கரையான் கம்பெனி வண்டி நின்னுச்சே. இன்னிக்கு ஏன் இல்ல? மருந்தடிச்சு மறைச்சிட்டீங்களா?”

“அறிக்கை இருக்குது மேடம், பாருங்க...”

“அறிக்கை நீங்க அடிச்சதுதானே?” என்றார் தாத்தா.

பிராடி கையிலிருந்த தாள்களை மறுபடி அடுக்கினான். அடுப்பில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும். ஜன்னலில் நோலீனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்த முறையும் விலை போகாவிட்டால் ‘கரையான் வீடு’ என்ற பெயர் நிலைத்துவிடும், அப்புறம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

“அந்த வண்டி என்னுது” என்று ஒரு குரல் கேட்டது.

நெவ். கையில் இடுக்கி, இடுக்கியில் சாசேஜ். கூட்டம் மொத்தமும் திரும்பியது. அவர் முகம் சிவந்து, காது வரைக்கும் சிவந்துவிட்டது. தொப்பியை இழுத்துவிடக் கை போனது. கையில் இடுக்கி இருந்ததால் சாசேஜ்தான் தொப்பியில் பட்டது.

“நான் கம்பெனி ஆள் இல்ல. காசுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், அவ்வளவுதான். இந்த வீட்ல கரையான் இல்ல. இந்த வீட்டுக்கு அடியில நாப்பத்திரெண்டு கால் இருக்குது. வருஷம் ரெண்டு தடவ டார்ச்ச எடுத்துகிட்டு அடியில தவழ்ந்து போயி, ஒவ்வொரு காலையும் தட்டிப் பாப்பேன். பதினோரு வருஷமா. இருபத்தாறாவது கால் மட்டும் கொஞ்சம் இறங்குச்சு, அதுக்கு மேலதான் பியானோ இருக்குது. இரும்புல முட்டுக் குடுத்துட்டேன்.”

ஜன்னல் படாரென்று திறந்தது.

“அடியில தவழ்ந்தது நீயா?” என்றாள் நோலீன். “பாஸம், அந்தப் பெருச்சாளி மாதிரி ஜந்து பூந்திருச்சுன்னு பலகை இடுக்குல வெந்நீ ஊத்துனேனே!”

“ஆமா” என்றார் நெவ். “ரெண்டு தடவ.”

கூட்டம் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை. முப்பத்தோரு வருட மீட்டர்களும் சேர்த்து வெளியே வருவது போல இருந்தது. மழைநீர்க் குழாயில் இலை அடைக்கும் இடம், பின்கதவு வெயில் காலத்தில் உப்பும் அளவு, குளியலறைப் பலகையை அவள் ஊருக்குப் போயிருந்தபோது மாற்றியது என்று எல்லாவற்றையும் சொன்னார்.

“இந்த வீட்ல ஒரே ஒரு குறைதான். மூணாவது படி கிறீச்சுன்னு சத்தம் போடும். ஒரு ஆணி அடிச்சா நின்னுரும். நான்தான் அடிக்காம விட்டேன்.”

“நாலு வருஷமா அதைச் சரி பண்ணுன்னு சொல்றேனேய்யா!” என்று கத்தினாள் நோலீன்.

“அந்தச் சத்தம் கேட்டாதான் நீ வீடு வந்து சேந்துட்டன்னு எனக்குத் தெரியும்” என்றார் நெவ். “கேட்டப்புறம்தான் நான் சாப்பிட உக்காருவேன்.”

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்புப் புகையைத் திட்டிக்கொண்டே கண்ணைக் கசக்கினேன். சாசேஜ் இடுக்கியில் இருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

இப்படிக் கவனிக்கப்பட்ட வீட்டை யார்தான் விடுவார்கள்? பிரிஸ்பேன்காரி கையைத் தூக்கினாள். தாத்தா தூக்கினார். அவள் மறுபடி தூக்கினாள். பிராடிக்குக் கூவ மூச்சுப் போதவில்லை. நோலீன் ஜன்னலில் நின்று நெவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்தபடி. அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் பிராடி சுத்தியைத் தட்டிவிட்டான். முதல் ஏலத்தில் வந்த விலையைவிட எவ்வளவோ அதிகத்துக்கு வீடு போய்விட்டது. பிரிஸ்பேன்காரி நேராக நெவிடம் வந்து, “நீங்க தொடர்ந்து பாத்துக்குவீங்கல்ல?” என்று கேட்டாள்.

நோலீன் படியிறங்கி வந்தாள். மூன்றாவது படி கிறீச்சிட்டது.

“அறுவது பேருக்கு முன்னாடி என் வீட்டுக் கால எண்ணிச் சொல்றே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?”

நெவ் இடுக்கியைக் கீழே வைத்தார். “போகாத, நோலீன்.”

“வித்தாச்சேய்யா கழுதை! நீதானே வித்துக் குடுத்தே!”

“ஆமால்ல” என்றார் நெவ்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது. இரண்டும்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த மாதம் அவள் வீட்டைக் காலி செய்தாள். பியானோவைத் தூக்க நாலு பேர் போனோம். எங்கே கொண்டுபோவது என்று கேட்டதற்கு, “அவன் கராஜுக்கு. கம்பெனிக்காரன் புண்ணியத்துல காலியாத்தானே கிடக்குது” என்றாள். கராஜில் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் பியானோ நெவ் வீட்டு ஹாலில் இருந்தது. எப்படிப் போனது, யார் தூக்கியது என்று கேட்கவில்லை. வேலியில் செய்தித்தாளும் அதற்கப்புறம் வைக்கப்படவில்லை. அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது.

ரெனேயிடம் போனில் சொல்ல நோலீனுக்கு மனம் வரவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஒரு காலைவேளையில் இருவரும் பெரிலில் ஏறினார்கள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

“மககிட்ட என்ன சொல்லப் போற?”

“அங்க உனக்கு யாரும்மா இருக்கான்னு கேட்டுகிட்டே இருந்தாள்ல? பதிலக் கையோட கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

கார் நகர்ந்தது. பின்கண்ணாடியின் சிவப்பு எழுத்து தெருமுனை வரை தெரிந்தது. அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. எத்தனையோ சனிக்கிழமை படித்ததுதான்.

மற்றது நோலீன் திரும்பி வந்து சொன்னது. ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் நெவின் போன் கூவ ஆரம்பித்ததாம். நிற்காமல் கூவியதாம்.

“என்னய்யா சொல்லுது அது?”

“ஒண்ணுமில்ல. இதுக்கு மேல போனா காசு வராதாம்” என்று சொல்லிவிட்டு நெவ் போனை அணைத்தாராம். பிறகு, எதிரே ஒரு காரும் இல்லாத அந்தச் சாலையில், ஸ்டியரிங்கில் இருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினாராம். யாருக்கு என்று அவள் கேட்டாளாம். உனக்குத்தான் என்றாராம்.